மாதம் ஒரு ஊசி ஆய்வில் சேரச் சொல்கிறார்களா? மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வழிகாட்டி

வளர்ச்சி ஹார்மோன் கூடிக் கை கால் பெருக்கும் அக்ரோமெகலி நோய் என்று கண்டுபிடித்து, மூக்கு வழியாக அறுவை சிகிச்சையும் செய்து, அதற்குப் பிறகும் ஹார்மோன் அளவு இறங்கவில்லை என்றால் பெரிய மருத்துவமனையில் சில சமயம் ஒரு கேள்வி வரும்: "புது ஊசி ஒன்று இருக்கிறது. நீண்ட நாள் போட்டால் பாதுகாப்பானதா என்று ஓர் ஆய்வு நடக்கிறது. சேர்கிறீர்களா?" வீட்டில் வந்து சொன்னால் பாதிப்பேர் "சேராதே, உன்னை எலி மாதிரி வைத்துப் பார்ப்பார்கள்" என்பார்கள். மீதிப்பேர் "மருந்து இலவசம்தானே, கையெழுத்துப் போட்டுவிட்டு வா" என்பார்கள். இரண்டு பேருமே படிவத்தைப் படித்திருக்க மாட்டார்கள்.

நான் டாக்டர் இல்லை. ஆய்வுக்கு வருபவர்களோடு உட்கார்ந்து படிவத்தைத் தமிழில் படித்துக் காட்டுவதும், அடுத்த சந்திப்பை போன் அடித்து நினைவூட்டுவதும் என் வேலை. மருந்தளவு பற்றி இங்கே ஒன்றும் சொல்லப் போவதில்லை, அது உங்கள் டாக்டர் பாடு. தோட்டத்திலிருந்தோ தாமானிலிருந்தோ முதல் முறையாக ஆய்வுக்கு வருபவர் என்னென்ன தெரிந்துகொண்டு வந்தால் நல்லது என்பதை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

1. எந்த நோய்க்கு எந்த ஊசி என்று தெரிந்துகொள்ளுங்கள்

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. அதில் வரும் ஒரு கட்டி வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. கட்டி பெரும்பாலும் புற்றுநோய் இல்லை. அந்த ஹார்மோன் கல்லீரலைத் தூண்டி ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோனைக் கூட்டுகிறது. கை கால் பெருக்கும், மோதிரம் இறுகும், போன வருடத்துச் செருப்பு இந்த வருடம் சேராது, தாடை முன்னால் வரும், வியர்வையும் குறட்டையும் கூடும். இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும் கூடவே வரலாம். மாற்றம் மெதுவாக நடப்பதால் வருடக் கணக்கில் யாருக்கும் தெரியாது. பால்வெட்டிலும் குலை வெட்டிலும் இருப்பவர்களுக்குக் கை தடித்தால் வேலை செய்த கை என்று விட்டுவிடுவார்கள்.

நோய் அரிது. பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, 10 லட்சம் பேரில் 60 பேர் அளவு. இந்த ஊரில் உங்களைத் தவிர இன்னொருவர் இருப்பாரா என்பதே சந்தேகம். இந்த எண்ணிக்கையை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

வளர்ச்சி ஹார்மோனை அடக்க உடம்பிலேயே சொமாட்டோஸ்டாடின் என்ற பொருள் இருக்கிறது. 1973இல் அதைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் ரத்தத்தில் அது சில நிமிடங்கள்கூடத் தாக்குப் பிடிக்காது. அதைப் போல வேலை செய்து, இன்னும் கொஞ்ச நேரம் நிலைக்கும்படி செய்ததுதான் ஆக்ட்ரியோடைட். அதையும் ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை போட வேண்டியிருந்தது. பிறகுதான் மெல்லக் கரையும் ஊசிகள் வந்தன. ஒரு வகையில், தானே கரைந்து போகும் நுண்ணிய உருண்டைகளுக்குள் மருந்தை அடைத்து இடுப்புச் சதையில் போடுகிறார்கள். லான்ரியோடைட் இன்னொரு வகை, கெட்டியான ஜெல்லாக ஆழமாகத் தோலுக்கு அடியில் போகும். இரண்டும் ஏறக்குறைய 4 வாரத்துக்கு ஒரு முறை. செம்பனைக் கன்றின் காலடியில் மாதக் கணக்கில் கரையும் உரத்தை ஒரே தடவையாகப் போட்டுவிட்டு வருவோமே, அந்த ஏற்பாடுதான்.

வசதி இருக்கும் இடத்தில் சிக்கலும் இருக்கிறது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நாளையே நிறுத்தலாம். இந்த ஊசியைப் போட்ட பிறகு திரும்ப எடுக்க முடியாது, அது பாட்டுக்கு வாரக் கணக்கில் கரைந்துகொண்டிருக்கும். அதனால்தான் ஆக்ட்ரியோடைட் முன்பு போட்டே பழக்கமில்லாதவருக்கு, மாத ஊசிக்கு முன் குறுகிய நேர ஊசியை 2 வாரமாவது போட்டு உடம்பு தாங்குகிறதா என்று பார்க்கும் வழக்கம் வந்தது.

2. ஏன் இத்தனை நாள் பார்க்கிறார்கள்?

மருந்து வேலை செய்கிறதா என்பது சில மாதத்தில் தெரிந்துவிடும். ஐஜிஎஃப்-1 இறங்கினால் வேலை செய்கிறது. கெடுதல் செய்கிறதா என்பதற்கு அவ்வளவு அவசரம் கிடையாது.

பித்தப்பைக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஆக்ட்ரியோடைட் ஊசியை 1 மாதமோ அதற்கும் குறைவாகவோ போட்டவர்களில் கல் வந்தவர்கள் 100க்கு 2 பேர்கூட இல்லை. 12 மாதமும் அதற்கு மேலும் போட்டவர்களில் கல்லோ பித்தக் கசடோ இருந்தவர்கள் 100க்கு 52 பேர். ஒரு மாதத்தில் ஆய்வை முடித்திருந்தால் "கல் பெரிய பிரச்சினை இல்லை" என்று எழுதி மூடியிருப்பார்கள். மருந்து பித்தப்பை சுருங்குவதைக் குறைக்கிறது, பித்தம் தேங்குகிறது, தேங்கியது மெதுவாகக் கெட்டியாகிறது. காலம் போனால்தான் தெரியும். பலருக்கு அந்தக் கல் வலியே தராது என்பதையும் சொல்லிவிட வேண்டும், கேட்டதும் பயந்து ஓடியவர்கள் உண்டு.

இன்னொரு காரணம் எண்ணிக்கை. 300 பேருக்கு மருந்து கொடுத்து, ஒரு குறிப்பிட்ட பாதிப்பு ஒருவருக்குக்கூட வரவில்லை என்று வையுங்கள். அப்போதும் அது 100 பேரில் ஒருவருக்கு வரக்கூடியதாக இருக்கலாம் என்றுதான் கணக்கு சொல்கிறது. 100 பேரை மட்டும் பார்த்திருந்தால் 100க்கு 3 வரை இருக்கலாம். நீண்ட நாள் எடுக்கும் சாதாரண மருந்துகளுக்கு மொத்தம் 1500 பேர், அதில் 300 முதல் 600 பேர் 6 மாதம், குறைந்தது 100 பேர் ஒரு வருடம் என்று 1994இல் வந்த உலகளாவிய வழிகாட்டி கேட்கிறது. 10 லட்சத்தில் 60 பேருக்கு வரும் நோயில் 1500 பேருக்கு எங்கே போவது? ஆகவே இருக்கிற கொஞ்சம் பேரையே பல நாடுகளில் தேடிச் சேர்த்து, நீண்ட நாள், நுணுக்கமாகக் கவனிக்கிறார்கள். நீங்கள் ஒருவர் சொல்லாமல் விட்டதுகூட அந்தக் கணக்கைக் கோணலாக்கும்.

நீண்ட நாள் பாதுகாப்பைப் பார்க்கும் இந்த மாதிரி ஆய்வில் பெரும்பாலும் மருந்தே இல்லாத பொய் ஊசி இருக்காது. எல்லாருக்கும் உண்மை மருந்துதான், போடுபவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மருந்து போடாத ஆள் இல்லை. ஆய்வுக்கு முந்தைய நீங்களே உங்களுக்கு ஒப்பீடு. இது 4ஆம் படியில் மறுபடியும் வரும்.

3. ஒப்புதல் படிவம்: அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள்

தோட்டத்துக் கிராணி (கணக்கர்) விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகிய குடும்பங்கள் நம்முடையவை. இங்கே அந்தப் பழக்கம் வேண்டாம். படிவம் இருபது பக்கத்துக்கு மேலும் போகலாம். தமிழ்ப் படிவம் இருக்கிறதா என்று கேளுங்கள். சில தமிழ்ப் படிவங்கள் மொழிபெயர்த்தவருக்கே புரியாத நடையில் இருக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். புரியாத வரியைச் சுட்டிக்காட்டி "இதை வாயால் சொல்லுங்கள்" என்று கேட்பது உங்கள் உரிமை. வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பிள்ளைகளோடு படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லலாம், யாரும் தடுக்கக் கூடாது. படிக்கத் தெரியாத அப்பாவோ அம்மாவோ சேர்கிறார் என்றால், ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி முன்னிலையில் முழுவதையும் வாசித்துக் காட்டிய பிறகுதான் கைநாட்டு.

கேட்க வேண்டியவை சில. இந்த ஆய்வை மருத்துவ ஆய்வு, நெறிமுறைக் குழு அங்கீகரித்திருக்கிறதா, தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டு எண் என்ன? நம் நாட்டில் இன்னும் பதிவாகாத மருந்தை ஆய்வுக்காகக் கொண்டு வருவதற்கு என்பிஆர்ஏ எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் உரிமமும் வேண்டும். மருந்தால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, காப்புறுதி என்ன சொல்கிறது? எடுக்கும் ரத்தத்தை எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், மரபணுச் சோதனைக்குத் தனிக் கையெழுத்து கேட்கிறார்களா? (அதற்கு மட்டும் மறுத்துவிட்டு ஆய்வில் சேர முடியுமா என்றும் கேளுங்கள்.) ஆய்வு முடிந்த பிறகு அதே மருந்து கிடைக்குமா?

கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. இலவசமாக வந்த ஊசி ஒரு நாள் நின்றுவிடும். அதற்குப் பிறகு என்ன என்பதை முதல் நாளே தெரிந்துகொள்வதுதான் புத்திசாலித்தனம்.

பயணச் செலவும் கேட்க வேண்டியதுதான், வெட்கப்படாதீர்கள். இங்கிருந்து ஈப்போ 30 கிலோமீட்டர் அளவு, சமாளிக்கலாம். ஆய்வு நடப்பது கோலாலம்பூரிலோ புத்ராஜெயாவிலோ என்றால் ரயில், அதற்குப் பிறகு கிரேப், ஒரு முழு நாள். நாள் சம்பளக்காரருக்கு அந்த நாள் போனால் போனதுதான். பயணப் பணமும் சாப்பாட்டுப் பணமும் பெரும்பாலான ஆய்வுகளில் உண்டு. எத்தனை வெள்ளி, அன்றைக்கே கையில் தருவார்களா, கூட வரும் ஆளுக்கும் உண்டா, இதையெல்லாம் முதலிலேயே பேசிவிடுங்கள். வேலையிடத்துக்கு எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) தருவார்களா, வந்து போனதற்கான கடிதம் மட்டும் தருவார்களா என்றும் கேளுங்கள். இரண்டையும் மேலாளர் ஒன்றாகப் பார்ப்பதில்லை.

கையெழுத்தான படிவத்தின் ஒரு பிரதி உங்களுடையது. வாங்காமல் கிளம்ப வேண்டாம்.

4. தகுதிச் சோதனை: பழைய வலிகளை எல்லாம் கொட்டிவிடுங்கள்

ரத்தம், சிறுநீர், இசிஜி, பித்தப்பை ஸ்கேன், தேவைப்பட்டால் தலைக்கு எம்ஆர்ஐ. ரத்தத்தில் ஐஜிஎஃப்-1, மூன்று மாதச் சர்க்கரை அளவு, தைராய்டு, கல்லீரல், சில இடங்களில் பி12. பித்தப்பை ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டும். காலையில் ஒரு தே தாரேக் தானே என்று குடித்துவிட்டுப் போனால் பித்தப்பை சுருங்கிவிடும், இன்னொரு நாள் வரச் சொல்வார்கள்.

இந்த நாளில் நல்ல பிள்ளையாக நடந்துகொள்வதுதான் பெரிய தொல்லை. "வேற ஏதாவது பிரச்சினை உண்டா?" என்று கேட்டால் "ஒன்னும் இல்ல டாக்டர்" என்று சிரிப்போம். பிறகு மூன்றாம் ஊசிக்கு அப்புறம் "முட்டி வலிக்குது" என்று சொன்னால் அது மருந்தின் கணக்கில் ஏறும், பத்து வருடமாக இருக்கிற வலி என்று யாருக்குத் தெரியும்? முட்டி வலி, விரல் மரத்துப் போவது, குறட்டை, மலச்சிக்கல், முடி கொட்டுவது, எப்போதோ ஒரு முறை மயக்கம் வந்தது, எல்லாவற்றையும் ஊசிக்கு முன்பே எழுத வையுங்கள்.

எடுக்கும் மருந்துகளைப் பெட்டியோடு கொண்டு போங்கள். ரத்தக் கொதிப்புக்கு இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர் என்றால் முக்கியம், ஏனென்றால் இந்த ஊசியும் துடிப்பைக் குறைக்கலாம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவருக்கு அளவு மாற்ற வேண்டியிருக்கும். ஜாமு என்ற மூலிகை மருந்து, பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய முட்டி வலிப் பொடி, ஊரிலிருந்து வந்த லேகியம் எல்லாமே மருந்துதான். திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள்.

பெண்களுக்கு ஒரு விஷயம். இந்த நோயில் மாதவிலக்கு நின்றோ தாறுமாறாகவோ போயிருக்கும், இனிக் குழந்தை இல்லை என்றே பலர் முடிவு கட்டியிருப்பார்கள். ஹார்மோன் சரியானால் கருத்தரிக்கும் வாய்ப்பும் திரும்பலாம். கருத்தடை பற்றிய கேள்வி வந்தால் அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

5. ஊசி நாள்

முதலில் ரத்தம், பிறகு ஊசி. போன ஊசியின் மருந்து மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில் ஐஜிஎஃப்-1 எவ்வளவு என்று பார்ப்பதற்காக இந்த வரிசை. அவசரத்தில் மிசி (தாதி) மாற்றிச் செய்யப் போனால் நீங்களே சொல்லலாம்.

ஊசி குளிர்பெட்டியிலிருந்து வெளியே வந்து அறை வெப்பத்துக்கு வர வேண்டும், அதற்கு அரை மணியோ அதற்கு மேலோ ஆகும். காத்திருப்பதில் அதுவும் சேர்த்தி. உருண்டை வகை மருந்தைக் கலக்கிய உடனே போட வேண்டும், இல்லையென்றால் அடியில் படியும். ஒரு மாதம் இடப்பக்கம் என்றால் அடுத்த மாதம் வலப்பக்கம். போன முறை எந்தப் பக்கம் என்று நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். போட்ட இடத்தில் சிறு கட்டி தட்டுப்பட்டால் தேய்க்காதீர்கள், வெந்நீர் ஒத்தடமோ தைலமோ வேண்டாம். அளவைப் பார்த்து எழுதி வைத்தால் போதும்.

சந்திப்பு நாளுக்கு முன்பின் சில நாள் தளர்வு இருக்கும், எத்தனை நாள் என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறும். தீபாவளியும் தைப்பூசமும் எப்போது வருகிறது என்று பார்த்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தைப்பூசத்துக்கு விரதம் இருப்பவர், அதுவும் இனிப்பு நீர் உள்ளவர் என்றால், கட்டாயம் சொல்ல வேண்டும்.

சில ஆய்வுகளில் பழகிய பிறகு வீட்டிலேயே போட்டுக்கொள்ள ஊசியைத் தருவார்கள். குளிர்பெட்டியில் வைக்கச் சொன்னால் நடுத் தட்டில், மேலே உறையும் பெட்டிக்குள் வேண்டாம். கரண்ட் போனால் எத்தனை மணிக்குப் போனது, எப்போது வந்தது என்று குறித்துக்கொண்டு போன் செய்யுங்கள். கெட்டுப்போயிருக்காது என்று நீங்களே முடிவு செய்து போட்டுக்கொள்ளக் கூடாது. பயன்படுத்திய ஊசியை அவர்கள் கொடுக்கும் மஞ்சள் பெட்டியில் போட்டுத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

6. நோட்டுப் புத்தகம்

ஆய்வே இதுதான் என்பேன். ரத்தச் சோதனை சொல்வதை இயந்திரம் சொல்லிவிடும். வீட்டில் நடந்ததை நீங்கள் சொன்னால்தான் உண்டு.

எழுத வேண்டியது: என்ன ஆனது, எந்தத் தேதி தொடங்கியது, எப்போது நின்றது, வேலைக்குப் போக முடிந்ததா, என்ன மருந்து எடுத்தீர்கள். கையெழுத்து அழகாக இருக்கத் தேவையில்லை. சந்திப்புக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து ஒரு மாதத்தையும் ஒரே பேனாவில் எழுதினால் எங்களுக்குத் தெரிந்துவிடும்.

இந்த வகை ஊசிகளில் எதிர்பார்க்கக் கூடியவை வயிற்றுப்போக்கு, வயிற்று வலி, குமட்டல், எண்ணெய் மிதக்கும் வெளிறிய மலம், முடி கொட்டுவது, சர்க்கரை ஏறுவது அல்லது இறங்குவது, நாடித் துடிப்பு குறைவது. முதல் சில ஊசிகளில் வயிறு கலங்குவது பலருக்கு வந்து, பிறகு குறையும். வலது விலா எலும்புக்குக் கீழே, குறிப்பாக எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு, பிடித்து இழுக்கும் வலி வந்தால் நோட்டோடு நிறுத்தாமல் போன் செய்யுங்கள். அதோடு காய்ச்சலோ கண் மஞ்சளோ சேர்ந்தால் நேராக மருத்துவமனை.

மருந்துக்குச் சம்பந்தமே இல்லை என்று நினைப்பதையும் எழுத வேண்டும். இதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். மோட்டாரில் போய்க் கால்வாயில் விழுந்தால் அதற்கும் ஊசிக்கும் என்ன என்று தோன்றும். விழுவதற்கு முன்னால் தலை சுற்றியதா? சர்க்கரை இறங்கியிருந்ததா? துடிப்பு குறைந்திருந்ததா? அதை ஆராய வேண்டியது டாக்டர். டெங்கி, பல் பிடுங்கியது, பாராங் கத்தி பட்ட வெட்டுக்காயம், எல்லாம் எழுதுங்கள். ஒருவருக்கு நடந்தது விபத்து. நாலு நாட்டில் பத்துப் பேர் அதே போல விழுந்திருந்தால், அப்போதுதான் யாராவது நிமிர்ந்து உட்காருவார்கள்.

டாக்டர் மனம் நோகும் என்று சொல்லாமல் விடுபவர்களும் உண்டு, பெரும்பாலும் வயதானவர்கள். "பாவம் ஐயா, நல்லா பார்த்துக்கிறாரு, நான் போய் குறை சொல்லலாமா?" என்பார்கள். அவர் போட்ட மருந்தைப் பற்றிக் குறை கேட்பதற்குத்தான் அவரை அங்கே உட்கார வைத்திருக்கிறது.

வலி எவ்வளவு என்பது ஒரு கணக்கு, விஷயம் எவ்வளவு பாரதூரமானது என்பது இன்னொரு கணக்கு. வீட்டில் படுத்துத் தாங்கிய கடும் தலைவலி சாதாரணப் பதிவில் போகலாம். லேசான வலிதான், ஆனால் ஒரு ராத்திரி வார்டில் சேர்த்துக்கொண்டார்கள் என்றால் அது பாரதூர நிகழ்வு. உயிருக்கு ஆபத்து, மருத்துவமனையில் சேர்வது, நிரந்தர ஊனம், குழந்தைக்குப் பிறவிக் குறை, மரணம், இவை அந்த வகை. தெரிந்த நேரத்திலிருந்து 24 மணிக்குள் ஆய்வுக் குழு அதை ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்குச் சொல்லியாக வேண்டும். ஆகவே எந்த மருத்துவமனையில் சேர்ந்தாலும் வீட்டில் ஒருவர் உடனே போன் அடிக்கட்டும், ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி. நீங்கள் ஆய்வில் இருப்பதைக் காட்டும் ஆய்வு அட்டையை ஐசியோடு (அடையாள அட்டையோடு) சேர்த்து வையுங்கள். அவசரப் பிரிவில் இருக்கும் இளம் டாக்டருக்கு இந்த ஊசியின் பெயரே தெரியாமல் இருக்கலாம்.

7. பிடிக்கவில்லை என்றால்

எந்த நாளிலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, உங்கள் வழக்கமான சிகிச்சையும் பாதிக்கப்படக் கூடாது. படிவத்திலேயே இது இருக்கும். ஆனால் போனை எடுக்காமல் காணாமல் போய்விடாதீர்கள். உள்ளே மருந்து இன்னும் கரைந்துகொண்டிருக்கிறது, அதைப் பார்க்க ஒரு கடைசிச் சந்திப்புக்காவது வாருங்கள்.

8. முடியும் போது

முடிவுகளின் பிரதியைக் கேட்டு வாங்கி கிளினிக் கெசிஹாத்தானில் (அரசுச் சுகாதார கிளினிக்கில்) உங்கள் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். முக்கியமானவை ஐஜிஎஃப்-1, பித்தப்பை ஸ்கேன், சர்க்கரை அளவு. அடுத்த ஊசி எங்கே, யார் செலவில் என்பது கடைசி ஊசிக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும், இடையில் இரண்டு மாதம் விட்டால் வளர்ச்சி ஹார்மோன் மறுபடியும் ஏறத் தொடங்கலாம். ஆய்வு அட்டையை மட்டும் உடனே தூக்கிப் போட வேண்டாம். கடைசி ஊசிக்குப் பிறகும் பல வாரம் மருந்து உடம்பில் இருக்கும். கண்காணிப்புக் காலம் முடிந்ததும் அட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உங்களுக்கே போன் வரும்.